எந்தக் கண்ணாடி?

மார்ச் 3, செவ்வாய்

நானே பொருத்திய கண்ணாடிக் கதவில் இன்று நானே போய் முட்டிக்கொண்டேன்.

மகள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசல் அது. நேற்று சாயங்காலம்தான் மாட்டி, ஒரு விரல் ரேகை இல்லாமல் துடைத்துவிட்டு வந்தேன். காலையில் அவள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனவன், கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். டமால்! டப்பா ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். வரிசையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "வேலை ரொம்ப சுத்தம்" என்றார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சில் மருந்து வைத்தாள். "கதவுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாமாப்பா?"

"கதவுலயா, என் நெத்தியிலயா?"

அந்த ஆறு பேரில் நாலு பேர் வயிற்றுவலி மாத்திரைக்கு நின்றவர்களாம். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் இன்னும் டீ நிறத்தில்தான் வருகிறது. "முதலாளிக்கு சந்தோஷம்ப்பா. எனக்குத்தான் ஒவ்வொரு அட்டையா கிழிச்சுக் குடுக்கும்போது கை கூசுது" என்றாள். அவள் தெருச் சங்கத்தின் செயலாளரும்கூட. குழாயை மாற்றச் சொல்லி பதினாலு வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

எங்கள் வார்டு உறுப்பினருக்குக் கவனத்தார் என்று பெயர். அம்மா அப்பா வைத்தது இல்லை, தெரு வைத்தது. எதைக் கேட்டாலும், "கவனத்துல இருக்கு" என்பார். குழாய்? கவனத்துல இருக்கு. குப்பை? கவனத்துல இருக்கு. போன வருஷம் ஒரு பையன், "ஐயா, உங்க வேட்டி—" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுகூட, "கவனத்துல இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு அப்படியே மேடை ஏறினார். அவிழ்ந்துதான் போயிற்று.

தேர்தலில் அவர் சொன்ன பெரிய வாக்குறுதி: "என் அலுவலகம் கண்ணாடி மாதிரி இருக்கும்!" இதைப் பிடித்துக்கொண்டு மகள் ஒரு கடிதம் போட்டாள். நீங்கள் சொன்ன கண்ணாடி எங்கே? எந்த மனு, என்றைக்கு வந்தது, என்ன ஆயிற்று என்று ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள், ஓட்டுப் போட்டவர்கள் படித்துத் தெரிந்துகொள்கிறோம் — இவ்வளவுதான் கேட்டாள்.

பதில் வந்துவிட்டது. அவருடைய அறைக்கும் மக்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற செங்கல் சுவரை இடித்துவிட்டு நிஜமாகவே கண்ணாடிச் சுவர் வைக்கப் போகிறாராம்!

"பலகை கேட்டா சுவர் குடுக்கிறாரு" என்றாள் மகள்.

சுவர் வேலைக்கு ஆள் யார்? நான்தான். ஊரில் கண்ணாடிக்காரன் நான் ஒருவன்தானே.

மார்ச் 9, திங்கள்

அளவெடுக்கப் போனேன். மாடிப்படி ஏறினால் ஒரு கூடம். நாலு நீள பெஞ்சு, ஜன்னல் கிடையாது, இரண்டு டியூப்லைட்டும் செத்து எட்டு மாதம். பட்டப்பகலிலும் தடவித்தான் உட்கார வேண்டும். நான் முதலில் ஒரு பாட்டியின் மடியில் உட்காரப் பார்த்தேன். இந்த விளக்குக்கும் மனு உண்டு, பதினேழாம் எண். அதுவும் என் மகள் எழுதியதுதான்.

கவனத்தார் அறையில் அப்படி இல்லை. மேஜைக்கு மேலே புத்தம் புதிதாக நாலு விளக்கு. போட்டோவில் முகம் பளிச்சென்று விழ வேண்டுமாம்.

உதவியாளர் கதவைச் சாத்தினார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார் கவனத்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"கண்ணாடிக்காரரே, வெளிய இருந்து பார்த்தா ஜனங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியணும். உள்ள இருந்து பார்த்தா எனக்கு எல்லாரும் தெரியணும். அப்படி ஒரு சரக்கு இருக்காமே?"

இருக்கிறது. ஆனால் நான் பொருத்தியதில்லை. தொட்டதுகூட இல்லை. "நிறைய போட்டிருக்கேன் ஐயா" என்றேன். ஏன் சொன்னேன்? நாற்காலி கொடுத்தால் எனக்கு நாக்கு தானாகப் புரள்கிறது, வேறு காரணம் இல்லை.

"நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். தலையாட்டினேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள், "எந்தக் கண்ணாடிப்பா போடறீங்க?"

"எந்தக் கண்ணாடின்னா... கண்ணாடிதான்."

நம் மொழியில் ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. அதனால் நான் சொன்னது பொய் இல்லை. உண்மையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சோறு தின்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லியிருக்கலாம்.

மார்ச் 16, திங்கள்

சரக்கு வந்தது. கூடவே எட்டுப் பக்கத்துக்கு ஒரு செய்முறைத் தாள், எறும்பு எழுத்தில், எனக்குத் தெரியாத மொழியில். படங்கள் இருந்தன. ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் பல்பு, நடுவில் ஒரு மனிதன், அவன் கண்ணிலிருந்து ஒரு அம்புக்குறி. மனிதன் மட்டும் புரிந்தது. தாளை விரித்து அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சாப்பிட்டேன். நல்ல கெட்டித் தாள், எண்ணெய் ஊறவில்லை.

சாயங்காலத்துக்குள் சுவர் நின்றுவிட்டது. நூல் பிடித்த மாதிரி நேர். அதில் குறை சொல்ல முடியாது.

மார்ச் 17, செவ்வாய்

திறப்பு விழா. கூடம் முழுக்க வண்ண விளக்குச் சரம், இரண்டு பெரிய ஒளிவிளக்கு, கல்யாண வீடு தோற்றது. திரையை விலக்கினார்கள். ஜனங்கள் ஆவலாக எட்டிப் பார்த்தால் — ஜனங்களே தெரிகிறார்கள். தையல்காரர் தன் தலை வழுக்கையை முதல்முறையாக முழுசாகப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது, உள்ள ஒண்ணுமே தெரியலையே?" என்று யாரோ கத்தினார்கள்.

கவனத்தார் அசரவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்தார். "என் அலுவலகத்தைப் பார்த்தா யார் தெரியறாங்க? நீங்க! மக்கள்! இதுதாங்க மக்களாட்சி!"

பாதிப் பேர் கைதட்டிவிட்டார்கள். எனக்குமே ஒரு நிமிஷம் புல்லரித்தது. சரக்கு போட்டவன் நான். எனக்கே!

மகள் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அது முகம் பார்க்கிற கண்ணாடி. உங்களுக்குத் தெரியும்தானே?"

"அது வந்து... அவர் கேட்டதைத்தானே போட முடியும்."

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா"வில் அந்தப் "பா" மட்டும் எங்கேயோ தூரத்தில் போய் விழுந்தது. சாப்பாட்டு டப்பாவை மறக்காமல் தானே எடுத்துக்கொண்டு போவதாகவும் சொல்லிவிட்டாள். நான் கொண்டுபோக வேண்டாமாம்.

மார்ச் 19, வியாழன்

கவனத்தார் போன் செய்தார். அலங்கார விளக்கையெல்லாம் வாடகைக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். "எனக்கு ஜனங்க தெரியலைய்யா. என் மூஞ்சிதான் தெரியுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் எங்கே கேட்கிறது? "ஐயா, அது உயர்ந்த சரக்கு. ரெண்டு பக்கமும் முகம் பார்க்கலாம். வெளிய இருக்கிறவனுக்கும் அவன் மூஞ்சிதான், உங்களுக்கும் உங்க மூஞ்சிதான்" என்று அடித்துவிட்டேன்.

"அப்போ உள்ள நான் என்ன செஞ்சாலும் வெளிய தெரியாது?"

"தலைகீழா நின்னாலும் தெரியாதுங்க."

மிகவும் சந்தோஷப்பட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் மனைவி. "யாருகிட்ட இப்படி அளக்கறீங்க?"

"அளக்கிறதுதான் என் தொழில்" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

மகள் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதெல்லாம் பேச்சில் சேராது.

மார்ச் 24, செவ்வாய்

என்னத்தைச் சொல்ல. எனக்கு வருவது சிரிப்பா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்ற முடியாத அளவு சிரிப்பு. ஒரு வாரம் கழித்து அவளாக வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, கிளம்புங்க. கவனத்தார் அலுவலகத்துக்கு. பேசாம வாங்க."

கூடம் இருட்டு. ஆனால் பெஞ்சில் இடமே இல்லை. சாதாரணமாக ஐந்து பேர் இருந்தால் அதிகம், இன்று நாற்பது பேர். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. யாரோ வறுத்த கடலைப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளுகிறார்கள். எதிரே என் கண்ணாடிச் சுவர். அதில் — ஐயோ — கவனத்தார்! நாலு விளக்கு வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை, சினிமாத் திரையில் போல.

அவருக்கு நாங்கள் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து தன் முகத்தைப் பார்த்து, "கவனத்துல இருக்கு" என்று வாயசைத்தார். திருப்தி இல்லை. புருவத்தைத் தூக்கி ஒரு தடவை. கண்ணை மூடித் திறந்து ஒரு தடவை. நெஞ்சில் கைவைத்து, கண்கலங்கி ஒரு தடவை.

"இது துக்க வீட்டுக்கு" என்று கிசுகிசுத்தார் முடிதிருத்துபவர்.

"நேத்து இதைவிட நல்லா அழுதாரு" என்றாள் ஒரு அம்மா.

பிறகு மூக்கு முடியைப் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் கூடம் குலுங்கியது. சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

பிறகு போய் உட்கார்ந்தார். மேஜை ஆடியது. குனிந்து, மேஜைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து விரித்து, இன்னொரு மடிப்பு சேர்த்து மடித்துத் திரும்பவும் சொருகினார். நீல மையில் பதினாலு கையெழுத்து. இங்கிருந்தே தெரிந்தது.

பக்கத்தில் மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்ம குழாய் மனு" என்றாள். கடலைப் பொட்டலமும் நின்றுவிட்டது. இத்தனை நாள் எங்கள் வயிற்றுவலியின்மேல்தான் அவர் டீ கிளாஸ் ஆடாமல் நின்றிருக்கிறது.

வெளியே வந்ததும் மகள், "யாரும் மூச்சு விடாதீங்க. வியாழக்கிழமை பார்த்துக்கலாம்" என்றாள். என் தோளைத் தட்டினாள். "நீங்க பலே ஆளுப்பா. வீட்டுல எங்ககிட்டகூட சொல்லலை பாருங்க!"

நான் என்ன சொல்லவில்லை? என்ன சொல்கிறாள் இவள்?

மார்ச் 25, புதன்

புரிந்துவிட்டது. நான் வேண்டுமென்றே இப்படிப் போட்டேன் என்று நினைக்கிறாள்!

காலையில் அவளே என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 26, வியாழன்

இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நேரமே இல்லை.

மக்கள் குறை கேட்கும் நாள். கவனத்தார் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கூடத்தில் அறுபது பேர். மகள் உள்ளே போனாள். "ஐயா, எங்க குழாய் மனு என்னாச்சுங்க?"

நெஞ்சில் கை போயிற்று. கண் கலங்கியது. "அம்மா, அது என் கவனத்துல இருக்கு. பத்திரமா பீரோவுல வெச்சிருக்கேன்."

கூடத்திலிருந்து அறுபது தொண்டையும் ஒன்றாக: "மேஜைக் காலுக்கு அடியில!"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "யார் சொன்னது? எந்தத் துரோகி?"

"விளக்கு மனு பதினேழு, அலமாரிக்குப் பின்னால!" என்றார் தையல்காரர்.

"குப்பை மனுவுல விசிறி செஞ்சு வெச்சிருக்கீங்க!" இது ஒரு அம்மா.

"மூக்கு முடி மூணு பாக்கி இருக்கு!" இது முடிதிருத்துபவர். அவரை யாரும் கேட்கவில்லை. தொழில் பக்தி.

கவனத்தார் தடதடவென்று கூடத்துக்கு ஓடி வந்தார். திரும்பிப் பார்த்தார். உள்ளே, நாலு விளக்கு வெளிச்சத்தில், அவருடைய உதவியாளர் அவருடைய நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நெஞ்சில் கைவைத்து, கண்ணாடியைப் பார்த்து, "கவனத்துல இருக்கு" என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். அச்சு அசல். கவனத்தார் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து ஒரு தடவை, தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தார்.

மார்ச் 27, வெள்ளி

காலை எட்டரைக்கெல்லாம் மின்சாரக்காரர் ஏணியோடு வந்துவிட்டார். எட்டு மாதமாக எரியாத கூடத்து விளக்கை உடனே சரி செய்யச் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு!

தெருவோடு வேடிக்கை பார்க்கப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் அவர் சொன்னார், "என்னண்ணே, இதுகூடத் தெரியாதா? இருட்டுல இருந்து வெளிச்சத்தைப் பார்த்தா உள்ள இருக்கிறது தெரியும். வெளிச்சத்துல இருந்து இருட்டைப் பார்த்தா நம்ம மூஞ்சிதான் தெரியும். ராத்திரி உங்க வீட்டு ஜன்னல்ல பாருங்க. இந்தக் கூடத்துல விளக்கைப் போட்டா ஆட்டம் முடிஞ்சுது."

ஓ. அந்தச் சூரியன் படம். அந்தப் பல்புப் படம்.

"தெரியும் தெரியும்" என்றேன்.

மகளும் கேட்டுவிட்டாள். நேராக ஏணிக்கு முன்னால் போய் நின்றாள். பின்னால் தெருவே நின்றது. கவனத்தார் ஓடிவந்தார். "என்னம்மா இது? நீங்கதானே விளக்கு கேட்டு மனு குடுத்தீங்க? இதோ போடறேன், விடமாட்டேங்கறீங்களே!"

"மனுவை வாபஸ் வாங்கிட்டோங்க."

"கூடம் இருட்டா இருக்கே! வயசானவங்க விழுந்துருவாங்களே!"

மகள் நெஞ்சில் கைவைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். "அது எங்க கவனத்துல இருக்குங்க."

ஏணிமேல் இருந்த மின்சாரக்காரர் சிரித்துக் கீழே விழப் பார்த்தார். நான்தான் பிடித்தேன்.

கடைசியில் பேரம் படிந்தது. மனுப் பலகை மாட்ட வேண்டும், அவர் கையாலேயே எழுத வேண்டும், மாதத்துக்கு ஒருநாள் பலகைக்கு முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதையெல்லாம் செய்தால் விளக்கு போட்டுக்கொள்ளலாம். இந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு சாதாரண ஜன்னல் கண்ணாடி போட வேண்டும் என்பதையும் மகள் சேர்த்துக்கொண்டாள். கவனத்தார் என்னைப் பார்த்த பார்வையில் நானே ஒரு மேஜைக் காலுக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நிறைய போட்டிருக்கேன்னு சொன்னீங்களேய்யா" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பாவமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

பலகை மாட்டியாச்சு. முதல் வரி: குடிநீர்க் குழாய், வேலை தொடங்கும் நாள் ஏப்ரல் 8. "குழாய்"க்கு அவர் போட்ட "ள"வை ஒரு பள்ளிக்கூடப் பெண் சாக்பீஸால் திருத்தினாள்.

ஏப்ரல் 9, வியாழன்

தெருவைத் தோண்டிவிட்டார்கள். இரண்டு நாள் தண்ணீரே கிடையாது. எல்லாரும் வந்து என் மகளைத் திட்டுகிறார்கள். "டீ கலராவது வந்துச்சு!" என்கிறார் தையல்காரர். அவள் வாசலில் ஒரு சின்னப் பலகை மாட்டி, என்றைக்குத் தண்ணீர் வரும் என்று எழுதியிருக்கிறாள். தேதி மாறினால் அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதிப் பக்கத்தில் காரணமும் எழுதுகிறாள். அதற்குள் மூன்று தடவை அடித்தாயிற்று. மறைக்கவில்லை.

இவளிடமா நான்...

ஏப்ரல் 13, திங்கள்

தண்ணீர் வந்தது. ஒரு டம்ளரில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மனைவி நின்று துணி காயப்போடுவது தெரிந்தது. நான் பார்த்ததிலேயே நல்ல கண்ணாடி இதுதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தெருச் சங்கக் கூட்டம். மாதா மாதம் பலகையைப் படித்துக் கவனத்தாரைக் கேள்வி கேட்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மகள் முதலில் விதியைப் படித்தாள். ஒரே வரிதான்: பொறுப்புக்கு வருகிறவர் ஓட்டுப் போட்டவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

"இதுக்குத் தகுந்த ஆளு ஒருத்தர்தான் இருக்காரு" என்றார் முடிதிருத்துபவர். "கவனத்தார் கேட்ட கண்ணாடியையே போட்டு, கவனத்தாரையே காட்டிக் குடுத்தாரே, அவர்தான்!"

அறுபது கை. வேண்டாம் வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பத்துக் கை சேர்ந்துகொண்டது.

"எப்படிண்ணே அந்த யோசனை வந்துச்சு?" என்றார் தையல்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்தாள். "நான்தான் அவரைத் தப்பா நினைச்சுட்டேன். ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசலை. எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன். மன்னிச்சுக்கோங்கப்பா." அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கடைசி வரிசையில் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்குப் போன் பேச்சைக் கேட்டவள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். எழுபது முகமும் என்னைப் பார்த்தன.

"எல்லார் வீட்டுலயும் தண்ணி நல்லா வருதில்ல?" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சொல்லாமல் விட்டது இதுதான்: நான் அவரை ஒளிச்சு வைக்கத்தாம்மா போனேன். எனக்கு வேலை தெரியலை, அதனாலதான் அவர் மாட்டிக்கிட்டாரு.